புதுப்பிப்பு: ஸ்லீவ்மோர் டவுன்லேண்ட் பழைய எல்லை கிடைத்துவிட்டது

அயர்லாந்தில் மேயோ கவுண்டி, அக்கில் தீவிலுள்ள ஸ்லீவ்மோர் என்ற டவுன்லேண்டின் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு) பழைய எல்லையை எதில் பார்ப்பது என்று கேட்டிருந்தேனே, உதவிய எல்லோருக்கும் நன்றி. 1830களின் ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடத்தைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்ததால் எல்லைக்கோடு மட்டுமில்லை, தனித்தனி வீடுகூடத் தெரிகிறது. குடியிருந்தவர் பெயர் வேண்டுமென்றால் கிரிஃபித் மதிப்பீட்டை (19ஆம் நூற்றாண்டில் வரிக்காக எடுத்த நில, வீட்டுக் கணக்கு) தேடுங்கள், அது டவுன்லேண்ட் வாரியாகவே இருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: அங்குள்ள 671 மீட்டர் உயர ஸ்லீவ்மோர் மலையின் தெற்குச் சரிவில் கூரையில்லாமல் நிற்கும் கல்வீடுகளை, நிரந்தரக் குடியிருப்பு போன பிறகும் கோடையில் மாடு மேய்க்க வந்தவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்புறம், அந்தக்கால உருளைக்கிழங்குப் பாத்திகளின் மேடுபள்ளம் வீடுகளைச் சுற்றி இன்னும் வரிவரியாகத் தெரிகிறது.