மறுவாழ்வு உளவியலாளரை விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி?

உட்லண்ட்ஸ் மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 71. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேருந்து ஓட்டியவர். சென்ற ஆண்டு மூளையின் வலப்புறத்தில் ஏற்பட்ட பக்கவாதத்தால் அவருடைய இடக்கையும் இடக்காலும் தளர்ந்துபோயின. சமூக மருத்துவமனை ஒன்றில் ஏழு வாரங்கள் தங்கி மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றார். கால் தளர்ந்ததைக் காட்டிலும் எங்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. தட்டில் வலப்பாதிச் சோற்றைத் தின்று முடித்துவிட்டு, இடப்பாதியில் குழம்போடு சோறு அப்படியே இருக்கும்போதே, "இன்னும் கொஞ்சம் போடு" என்று கேட்பார். தமிழ் முரசைக் கையில் கொடுத்தால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் விட்டுவிடுவார். 'சிங்கப்பூர்' அவர் வாயில் 'கப்பூர்' ஆகும். செய்தி புரியாமல் தாளைத் தூக்கிப் போடுவார்.

கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்கத் தவறுகிறது என்பதை எங்களுக்கு விளக்கியவர் அங்கிருந்த உளவியலாளர். அவர் நாளிதழின் இட ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு நாடா ஒன்றை ஒட்டினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வரியைத் தொடங்க வேண்டும் என்று அப்பாவைப் பழக்கினார். இனி வண்டி ஓட்ட முடியாது என்ற செய்தியை அவர் எப்படிச் சொன்னார் என்பது இன்னொரு கதை. அப்பா அன்று நெடுநேரம் அழுதார், உளவியலாளர் நடுவில் பேசவே இல்லை.

சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நடக்க வைத்தவர்களுக்கும் தாதியருக்கும் நன்றி அட்டை எழுதிவிட்டோம். இவரை ஏதேனும் விருதுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறேன். இத்துறைக்கென்று விருதுகள் உண்டா? குடும்பத்தினர் பரிந்துரைக்கலாமா? "மனத்துக்குச் செய்த வேலையை எதை வைத்து அளப்பார்கள்?" என்று என் அண்ணன் கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற உளவியலாளர்:

அம்மா, நீங்கள் வர்ணித்த சிவப்பு நாடாவைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. நியூயார்க்கின் ரஸ்க் மறுவாழ்வு நிலையத்தில் லியோனார்ட் டில்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970களில் இத்தகைய நோயாளிகளுக்குப் பார்வையை இடப்புறம் கொண்டுசெல்லும் பயிற்சியை ஆராய்ந்தார்கள். பக்கத்தின் இட ஓரத்தில் கண்ணுக்கு நங்கூரம்போல ஓர் அடையாளம் வைப்பது அதில் ஒரு கூறு. உங்கள் உளவியலாளர் அன்பாக மட்டும் நடந்துகொள்ளவில்லை, ஆய்வில் தேறிய முறையை அப்பாவின் கைக்கு ஏற்ற நாளிதழில் பயன்படுத்தியிருக்கிறார்.

இத்துறைக்கென்றே உள்ள விருதுகளில் நான் அறிந்தவை அமெரிக்க உளவியல் சங்கத்தின் 22ஆம் பிரிவான மறுவாழ்வு உளவியல் பிரிவு வழங்குபவை. அப்பிரிவு 1958இல் உருவானது. வாழ்நாள் ஆய்வுப் பங்களிப்புக்கு ரோஜர் பார்க்கர் பெயரிலும், அத்துறை இதழில் வந்த சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கு ஹெரால்ட் யூக்கர் பெயரிலும், இளம் ஆய்வாளர்களுக்கு மிட்செல் ரோசென்தால் பெயரிலும் விருதுகள் உள்ளன. நோயாளிகளோடு செய்யும் பணிக்கும் தனி அங்கீகாரம் உண்டு. ஆனால் இவை துறையினர் துறையினருக்குத் தருபவை. சிங்கப்பூரில் இருந்து ஒரு குடும்பம் எழுதும் கடிதத்துக்கு அங்கே இடமிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணனுடைய கேள்விக்குப் பதில் அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. பார்க்கர் கான்சஸ் மாநிலத்தின் ஒஸ்கலூசா என்ற சிற்றூரில் ஆய்வு நிலையம் அமைத்து, மனிதர்கள் எந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்தவர். 1949இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை பார்வையாளர்கள் மாறி மாறிப் பின்தொடர்ந்து நிமிடவாரியாகக் குறித்தார்கள். மனத்தில் நடப்பதை ஊகிப்பதைவிட, நடத்தையும் அது நிகழும் சூழலும் சொல்வதை அவர் நம்பினார். உங்கள் கடிதத்தையும் அப்படியே எழுதுங்கள். 'மிகவும் கனிவானவர்' என்று எழுதினால் தேர்வுக் குழுவுக்கு ஒன்றும் தெரியாது. முதல் வாரத்தில் அப்பா எத்தனை வரிகளை விட்டுவிட்டார், நாடாவோடு படித்தபோது என்ன ஆனது, நாடாவை எடுத்த பிறகு என்ன ஆனது என்று எழுதினால் தெரியும்.

இன்னொன்று: உங்கள் உளவியலாளர் உங்களிடம் இப்படி ஒரு கடிதம் கேட்கவே மாட்டார். சிகிச்சையில் இருப்பவரிடம் நற்சான்று கேட்டு வாங்கக்கூடாது என்பது எங்கள் தொழில் நெறி. ஆகவே முயற்சி உங்களுடையதாக இருப்பதும், சிகிச்சை முடிந்த பிறகு வருவதும் நல்லதே.

கோப்பி ஓ:

நான் மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தவன். உள்ளூர் நடைமுறையை மட்டும் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டு சார்ஸ் பரவலின்போது திரட்டப்பட்ட துணிவு நிதியின் தொடர்ச்சியாக 2004இல் தொடங்கப்பட்ட சுகாதாரப் பராமரிப்பு மனிதநேய விருதுகள் பல துறை ஊழியர்களுக்கும் பொதுவானவை. பெயரை முன்வைப்பது பெரும்பாலும் நிறுவனமே என்பதால், நீங்கள் மருத்துவமனையின் சேவைத் தரப் பிரிவுக்கு எழுதுவதே சரியான முதல் படி. தாதியருக்கான அதிபர் விருது தாதியருக்கு மட்டும். கோ சோக் டோங் எனேபல் விருதுகள், 2019இல் தொடங்கியவை, உடற்குறையுள்ளோருக்கானவை, சிகிச்சையளிப்போருக்கானவை அல்ல. பலர் இதைக் குழப்பிக்கொண்டு விண்ணப்பம் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

உளவியலாளர்களுக்குக் கடிதம் குறைவாக வருவதற்கு ஒரு காரணம், மக்கள் அவர்களை அடையாளம் காணாததுதான். 2011இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் முதலில் உடற்பயிற்சி, தொழில்வழி, பேச்சு ஆகிய மூன்று சிகிச்சைத் துறைகளைத்தான் உள்ளடக்கியது. வார்டில் நோயாளியைக் கேட்டால் 'கால் டீச்சர்', 'கை டீச்சர்' என்று சரியாகச் சொல்வார்; உளவியலாளரைப் பற்றி 'பேச வந்த பிள்ளை' என்பார்.

சக்கரநாற்காலியில் பதினாறு ஆண்டுகள்:

எனக்கு இதில் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. முதுகுத்தண்டில் அடிபட்ட இரண்டாம் ஆண்டில், ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு விருது கிடைத்த விழாவில் என்னை மேடையேற்றியது. 'இருளில் இருந்து மீண்டவர்' என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். நான் இருளில் இருந்ததாக யாரிடமும் சொன்னதில்லை. அன்று என் கவலையெல்லாம் மேடைக்கு ஏறும் சரிவுப் பாதை மிகச் செங்குத்தாக இருந்ததும், இருவர் என் நாற்காலியைத் தூக்க வேண்டியிருந்ததும்தான்.

பிறகு என் உளவியலாளர் ஒரு கருத்தை அறிமுகப்படுத்தினார். உளவியலாளர்கள் தமாரா டெம்போவும் பியட்ரிஸ் ரைட்டும் வளர்த்தெடுத்தது அது: குறைபாட்டோடு வாழ்பவர் உள்ளிருந்து காண்பதும், வெளியே நிற்பவர் காண்பதும் ஒன்றல்ல, வெளியே நிற்பவர் ஒரு குறையைப் பார்த்ததும் அதை முழு மனிதர் மீதும் பரப்பிவிடுகிறார், அவர் துக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார். ரைட் இதை 1960இலேயே நூலாக எழுதிவிட்டார் என்பதை அறிந்தபோது, அந்த மேடை நினைவுக்கு வந்து சிரித்தேன்.

பரிந்துரைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அப்பா அழுததை எழுதுவதற்கு முன், அது யாருடைய கண்ணீர் என்று யோசியுங்கள். விருது அவருக்கு, கண்ணீர் அப்பாவுக்கு.

ஓய்வுபெற்ற உளவியலாளர்:

ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். என் முதல் பதிவில் நான் சொல்லியிருக்க வேண்டியது. ரைட்டின் சிந்தனையில் வளர்ந்த துறையினர் கூடும் குழு, 'மீண்டெழுந்த நோயாளி' கதையைப் பார்த்தால் முகம் சுளிக்கவும் கூடும். கடிதத்தை அப்பா படித்து இசைந்த பிறகே அனுப்புங்கள்.

உட்லண்ட்ஸ் மகள்:

மூவருக்கும் மிக்க நன்றி. சேவைத் தரப் பிரிவுக்குத்தான் எழுதப்போகிறேன். நேற்றிரவு வரைவை அச்சடித்து, இட ஓரத்தில் நாடா ஒட்டி, அப்பாவிடம் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். அழுத பத்தியை நீக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "இருக்கட்டும், ஆனால் அவள் பேசாமல் இருந்ததை முதலில் எழுது" என்றார். அவர் பேனாவால் அடித்தது வேறொரு வரியை: 'பழைய நிலைக்குத் திரும்பினார்.' அதற்கு மேலே, கோணலான எழுத்தில், 'பேப்பர் படிக்கிறார்' என்று எழுதியிருந்தார். வரியின் தொடக்கத்தில் இருந்தே எழுதியிருந்தார்.

அண்ணனுக்கு அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். திருத்திய கடிதம் திங்கட்கிழமை போகிறது.