ஸ்டாரோசெல்: பள்ளிப்படையா, புதைகோயிலா?

ஐயா, பல்கேரியாவுல பழங்காலத் திரேசிய மக்கள் மண்மேட்டுக்குள்ள விட்டுட்டுப் போன கட்டடங்களுக்குத் தமிழ்ல நீங்க சொன்ன பேரு, 'பள்ளிப்படை', முதல்ல எனக்கும் பிடிச்சுது, செத்த ராஜாவுக்குக் கோயில் எடுக்குறதுதானே, மேல்பாடியில சோழ ராஜா அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுத்தாப்ல. ஆனா பள்ளிப்படை ஊரறிய வெளிய நிக்கிற கோயில், விளக்கு எரியும் பூசை நடக்கும் அதுக்கு நிவந்தமா நிலம், பொருள் விடுவாங்க. திரேசியருங்க பாத்துப் பாத்துக் கட்டிட்டு அதுமேல மண்ணைக் கொட்டி மூடிட்டாங்களே, அது இந்தச் சொல்லுல வரவே இல்லையே.

ஸ்டாரோசெல் கிராமத்துப் பக்கம் 2000ல தொல்லியலாளர் கியோர்கி கிட்டோவ் தோண்டினது செட்டின்யோவா மேடு. மேட்டைச் சுத்தி செதுக்கின கல்லுல 240 மீட்டர் போல ஒரு சுவர், படியேறி உள்ள போனா வட்டமா ஒரு அறை, அதோட சுவத்துல 10 அரைத்தூண். கோயிலும் இதுதான் திரேசியரோட ஒட்ரீசிய நாட்டு அரசன் சிட்டால்கெஸ் சமாதியும் இதுதான்னாரு கிட்டோவ், ஆனா அந்த ராஜா கி.மு. 424லயே போயிட்டாரு, கட்டடம் அதுக்கப்புறம் கி.மு. 4ஆம் நூற்றாண்டுதுன்னு மத்தவங்க சொல்றாங்க. அதனால 'அரச கல்லறை'ன்னு பேர் வெச்சா நாமளே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடும்.

ஷிப்கா ஊர்ப் பக்கம் 2004ல கிடைச்ச இன்னொரு மேடு, கோல்யாமா கோஸ்மாட்காவையும் பாருங்க. வாசலுக்கு வெளிய மண்ணுக்குள்ள ஒட்ரீசிய ராஜா மூணாம் சியூதெஸோட வெண்கலத் தலை, உள்ள முன் அறையில குதிரை எலும்பு, கடைசி அறை பெரும்பகுதி ஒரே பாறையைக் குடைஞ்சது, அதுல தங்க ஓக் இலை மகுடம். அது முதல்ல கோயிலா இருந்து பிறகுதான் சமாதி ஆச்சுன்னு கிட்டோவ் கருத்து.

அதான் 'புதைகோயில்'னு கேக்குறேன். வினைத்தொகைங்கறதால புதைத்த கோயில், புதைந்த கோயில் ரெண்டுக்கும் இடம் இருக்கு, கோயில் முதல்லயா சமாதி முதல்லயான்னு சொல்லு அடிச்சுப் பேசாது.

மேட்டுக்கு 'கற்குவை' வேணாம், கோஸ்மாட்கா 20 மீட்டர் உயர மண்ணு, 'ஈமமேடு' போதும். பிணத்தை மூணு நாள் வெச்சு அழுது விருந்து போட்டு, புதைச்சோ எரிச்சோ மேடு எழுப்பி, போட்டி எல்லாம் நடத்துவாங்கன்னு திரேசியரைப் பத்திக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினதும் இந்த மாதிரி மேட்டைத்தான். உள்ள போற நீள வழிக்கு 'திரோமோஸ்'ங்கற கிரேக்கச் சொல்லையே விடாம 'இடைகழி'ன்னு வைக்கலாம், நம்ம வீட்டு ரேழிதான். சுத்துச் சுவருக்கு மட்டும் 'கல்வட்டம்' போடாதீங்க, அது பெருங்கற்காலப் புதைகுழியைச் சுத்தி நடுற கல்லோட பேரு, அதை ஆராயுற ஆளுங்க சண்டைக்கு வருவாங்க, மண்ணைத் தாங்குற வேலைதானே, 'அணைச்சுவர்'னு எழுதிருங்க.