புதுப்பிப்பு: ஜேமி லானிஸ்டர் விஷயத்தில் என் கருத்து மாறிவிட்டது

போன வாரம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் வீரர்களைப் பற்றி எழுதியபோது, அரசனின் மெய்க்காவலனாக இருந்தும் அவனையே கொன்ற ஜேமிக்கு வாள்வீச்சு உண்டு, மானம் கிடையாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். பலர் மறுத்ததால் மூன்றாம் சீசனின் ஹாரன்ஹால் கோட்டைக் குளியல் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். வலது கை போய், துவண்டு கிடக்கும் நிலையில், ஊரையே கொளுத்தச் சொன்ன அரசனை ஏன் கொன்றேன் என்று வீராங்கனை பிரியேனிடம் ஜேமி சொல்கிறான். அரசனைக் காப்பேன் என்ற சத்தியத்தை மீறித்தான் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளியதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கூலிக்குச் சண்டையிடும் வீரன் ப்ரான் (Bronn; ஜன்னலிலிருந்து விழுந்த சிறுவன் பிரான் அல்ல) விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை. டிரியன் லானிஸ்டருக்காக ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் கேடயமில்லாமல் இறங்கி, கனத்த கவசத்தோடு வந்த சர் வார்டிஸை அலையவிட்டு, மூச்சு வாங்கவைத்துச் சாய்த்தானே, அது கோழைத்தனமில்லை. சுத்தமான திறமை.