துருக்கிக் காலை உணவு: எதை முதலில் தொடங்குவது, எதைக் கடைசியில் செய்வது?

கேள்வி

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருக்கு வீட்டிலேயே துருக்கிக் காலை உணவு பரிமாற எண்ணியுள்ளேன். சென்ற மாதம் முயன்றபோது, மெனெமென் எனப்படும் தக்காளி முட்டையை முதலில் செய்து மூடி வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போனேன். பரிமாறும் வேளையில் ஓரமெல்லாம் நீர் பிரிந்து, நடுவில் முட்டை இறுகிக் கிடந்தது. தேயிலையை நேரடியாகக் கொதிக்கவிட்டதால் தேநீரும் கசந்துவிட்டது. வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். துருக்கியர் பயன்படுத்தும் இரட்டைக் கெண்டி என்னிடம் இல்லை.

முதல் பதில்

நீங்கள் வரிசையைத் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். அடுப்பில் முதலில் ஏற வேண்டியது தேநீர், கடைசியில் ஏற வேண்டியது முட்டை.

சாய்தான்லிக் எனும் இரட்டைக் கெண்டியின் கீழ்ப் பாத்திரத்தில் தண்ணீர் மட்டுமே கொதிக்கும். மேல் பாத்திரத்தில் உலர்ந்த தேயிலை அந்த ஆவியின் சூட்டில் இதமாகும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தேயிலையின்மேல் ஊற்றி, கீழ்ப் பாத்திரத்தை மீண்டும் நிரப்பி, தீயைக் குறைத்துக் கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். தேயிலை எந்நிலையிலும் நேரடித் தீயைக் காண்பதில்லை என்பதால்தான் கசப்பு ஏறுவதில்லை. மிதந்துகொண்டிருந்த இலைகள் அடியில் படிந்துவிட்டால் தேநீர் தயார் என்று கொள்ளலாம். இரட்டைக் கெண்டி இல்லையென்றால், வாய் குறுகிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதன்மேல் சிறிய பீங்கான் கெண்டியை அமர்த்தினால் அதே பலன் கிடைக்கும். கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு சாற்றை ஊற்றி, மீதியை வெந்நீரால் நிரப்புங்கள். பால் சேர்ப்பதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெளிந்த செந்நிறம் தெரிய வேண்டும். அந்த நிறத்தைத் துருக்கியர் ‘முயலின் இரத்தம்’ என்பார்கள்.

தேநீர் இறங்கும் அந்தக் கால் மணி நேரத்தில் குளிர்ந்த பண்டங்கள் அனைத்தையும் மேசையில் அடுக்கிவிடலாம். வெள்ளரியையும் தக்காளியையும் சாலட் போலக் கலக்காமல், தனித்தனியாக நறுக்கி வையுங்கள்.

மெனெமெனுக்கு ஆறு தக்காளி, நான்கு பச்சைக் குடைமிளகாய், ஆறு முட்டை போதும். மிளகாயை வெண்ணெயில் வதக்கி, தோல் நீக்கித் துருவிய தக்காளியைச் சேர்த்து, கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரியும் அளவுக்கு நீர் வற்றும்வரை பொறுத்திருங்கள். உங்களுக்கு நீர் பிரிந்ததற்கு இந்தப் பொறுமை போதாததே காரணமாக இருக்கும். அனைவரும் அமர்ந்த பிறகே முட்டையை உடைத்து ஊற்றி, மெல்லக் கிளறி, இன்னும் ஈரம் மினுமினுக்கும்போதே இறக்கிச் சட்டியோடு மேசைக்குக் கொண்டுவாருங்கள். மிச்சத்தைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் வெங்காயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே! மெனெமெனில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பது துருக்கியில் ஓயாத வாதம். 2018-ஆம் ஆண்டில் உணவு விமர்சகர் வேதாத் மிலோர் ட்விட்டரில் நடத்திய வாக்கெடுப்பில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்ள, வெங்காயத் தரப்பு மயிரிழையில் வென்றது. எனினும் என் விருப்பம் வெங்காயம் இல்லாததே. அதன் இனிப்பு தக்காளியின் புளிப்பை மழுங்கச் செய்துவிடுகிறது.

மூன்றாம் பதில்

சீஸையும் ஆலிவையும் கவனிக்காமல் விட்டுவிட வேண்டாம். உப்புநீரில் ஊறிய வெள்ளைச் சீஸ் பெரும்பாலும் கடும் உப்பாக இருக்கும். அரை மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் போட்டு எடுத்தால் பாலின் சுவை மேலெழும். கருப்பு ஆலிவ்மேல் ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உலர்ந்த ஆரிகனோ, கொரகொரப்பான மிளகாய்த் தூள் ஆகியவற்றை முந்தைய இரவே சேர்த்து வைப்பது நல்லது.

எருமைப்பாலைக் குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்து எடுக்கும் கெய்மாக் எனும் கெட்டி ஆடை கிடைத்தால், தேனோடு ஒரே தட்டில் வையுங்கள், கலக்க வேண்டாம். ரொட்டித் துண்டில் ஆடையைத் தடவி அதன்மேல் தேனை விடுவதை விருந்தினரே செய்துகொள்வதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

கிழக்குத் துருக்கியிலுள்ள வான் எனும் நகரின் மூலிகைச் சீஸ், கருங்கடல் பகுதியின் மக்காச்சோள மாவும் சீஸும் சேர்ந்த குய்மாக் எனப் பலவற்றை ஒரே மேசையில் திணிக்கும் ஆசை வரும். முதல் விருந்துக்குச் சூடான பண்டம் ஒன்றே போதும்.

கேட்டவர்

மிக்க நன்றி. சிமித் எனும் எள் வளையத்தை முந்தைய நாளே சுட்டு வைக்கலாமா? காபியை எப்போது கொடுப்பது?

முதல் பதில் எழுதியவர்

வேண்டாம். திராட்சைப் பாகு கரைத்த நீரில் முக்கி எள்ளில் புரட்டிச் சுடும் அந்த வளையம், சுட்ட அன்றே மொறுமொறுப்பாக இருக்கும்; மறுநாள் தோல் போல இழுபடும். அதிகாலையில் சுட நேரமில்லையென்றால் புதிய வெள்ளை ரொட்டியே சிறந்தது, மெனெமெனைத் தொட்டு உண்ணவும் அதுதான் வசதி. காலை உணவைக் குறிக்கும் ‘கஹ்வால்டி’ என்ற சொல்லே ‘காபிக்கு முன்’ என்னும் பொருளில் அமைந்தது. ஆகவே தட்டுகளை எடுத்த பின்னரே காபியை அடுப்பில் வையுங்கள்.