கடனட்டை நிலுவைக்கு எத்தனை ஆண்டுகள் வரை வழக்குத் தொடரலாம்?

கேள்வி: உவர்மலை வாசகி
திருகோணமலையில் சிறு தையற்கடை நடத்தி வந்த காலத்தில் ஒரு வங்கியின் கடனட்டையைப் பயன்படுத்தினேன். கடை நொடிந்ததால் 2019 பெப்ரவரிக்குப் பின் பணம் கட்டவில்லை. அப்போது 240,000 ரூபாவாக இருந்த நிலுவை வட்டியோடு 6 இலட்சத்தைத் தாண்டிவிட்டதாக, வங்கிக்காகக் கடன் அறவிடும் ஒருவர் இப்போது தொலைபேசியில் கூறுகிறார். நல்லெண்ணத்துக்காக 5,000 ரூபா கட்டித் தவணை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால் வழக்கு வராது என்கிறார். இவ்வளவு காலம் கழிந்தபின் வழக்குத் தொடர முடியுமா? கட்ட மனமிருக்கிறது, ஆனால் என்னால் இயன்ற அளவே கட்ட முடியும்.

பதில்: முன்னாள் நீதிமன்ற எழுதுவினைஞர்
சகோதரி, 5,000 ரூபாவைக் கட்டுவதற்கு முன்னும் கையொப்பமிடுவதற்கு முன்னும் சற்றுப் பொறுங்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அதாவது சட்டத்தரணிகள் பிரஸ்கிரிப்ஷன் என்று சொல்லும் சட்டப்படி, எழுத்துமூல உடன்படிக்கை மீறப்பட்ட நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும். எழுத்தில் இல்லாத உடன்படிக்கைக்கு 3 ஆண்டுகள். விண்ணப்பத்தில் கையொப்பமிட்டே கடனட்டை பெறுவதால், வங்கி 6 ஆண்டுகளையே கோரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் கடனை ஏற்று நீங்கள் கையொப்பமிடும் எழுத்தும், பகுதியாகக் கட்டும் பணமும் அந்தக் காலத்தைப் புதிதாகத் தொடங்கவைக்கக்கூடும். தொலைபேசியில் வாயால் ஒப்புக்கொள்வது மட்டும் அவ்வாறு ஆகாது.

இன்னொன்று, காலம் கடந்துவிட்டது என்பதை நீதிமன்றம் தானாக எடுத்துக்கொள்ளாது; எதிராளியாகிய நீங்களே நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் மறுமொழியில் அதை எழுப்பவேண்டும். அழைப்பாணை வந்தும் போகாமல் இருந்தால், காலம் கடந்த கடனுக்கும் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிடும். இப்படித் தோற்றுப்போன ஏழைகளை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

பதில்: மூதூர்க்காரன்
போரினால் பாதிக்கப்பட்டோருக்கு 2016 இல் ஒரு காலவரையறைச் சட்டம் வந்ததே, அது இங்கு பொருந்தாதா?

பதில்: முன்னாள் நீதிமன்ற எழுதுவினைஞர்
பொருந்தாது தம்பி. அது 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களின் காணி போன்ற அசையாச் சொத்துக்கானது.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்
ஐயா சொன்னதோடு இரண்டைச் சேர்க்கிறேன். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வங்கிகள் விரைவான நடைமுறையைப் பயன்படுத்த முடியும். அதில் எதிராளி சத்தியக்கூற்றுடன், அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்துக் கூற்றுடன், நீதிமன்ற அனுமதி பெற்றே தன் வாதத்தை முன்வைக்க முடியும் என்பதால், நீதிமன்றத் தாள் கைக்கு வந்த அன்றே சட்டத்தரணியிடம் போகவேண்டும். அடுத்து, கொரோனாக் காலத்தில் உரிய நேரத்தில் செய்ய முடியாமற்போன நடவடிக்கைகளுக்கு 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் நிவாரணம் அளித்தது. வங்கி அதையும் காட்டி வாதிடலாம். வழக்குக்கான காலம் முடிந்தாலும், ஒருவரின் கடன் விவரங்களைத் திரட்டி வங்கிகளுக்குத் தரும் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவு வேறு விடயம். அதனால் உண்மையில் தீர்க்க விரும்பினால், வட்டி நீக்கிய இறுதித் தொகையை வங்கியிடமே எழுத்தில் கேளுங்கள். அறவிடுபவரின் வாய்மொழியை நம்பாதீர்கள். ஆனால் உங்கள் கடிதமே கடனை ஏற்கும் எழுத்தாகிவிடலாம், ஆகவே அதை அனுப்புமுன் ஒரு சட்டத்தரணி பார்த்துவிடட்டும்.

கேள்வி கேட்டவர்: உவர்மலை வாசகி
ஐயாமார் இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு பழைய கணக்குக் கூற்றுகளை எல்லாம் எடுத்து அடுக்கியபோது, 2021 செப்டெம்பரில் என் கணவர் எனக்குச் சொல்லாமல் அந்தக் கணக்கில் 2,500 ரூபா கட்டியிருப்பதைக் கண்டேன். எனக்குத் தெரியாமல் கட்டிய அந்தப் பணம் ஆண்டுக் கணக்கை மாற்றுமா என்பதை, திங்கட்கிழமை சட்ட உதவி ஆணைக்குழுவின் இங்குள்ள நிலையத்தில் கூற்றுகளைக் காட்டிக் கேட்கப்போகிறேன். அதுவரை எதிலும் கையொப்பமிட மாட்டேன்.