தோனிக்கு 4 கோடி, சுமோ யோகோசுனாவுக்குப் பதவி இறக்கமே இல்லை

[இரவு 7:42] யாழினி: எல்லாருக்கும் ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல விவாத மேடை. தலைப்பு "நட்சத்திர வீரர்களுக்குத் தனிச் சலுகை தேவையா?" நான் தேவையில்லைங்கிற அணி. ஐபிஎல்ல சென்னை அணி தோனியை 4 கோடிக்கு "சர்வதேச ஆட்டம் ஆடாதவர்"னு வச்சுக்கிட்டாங்களே, அதுல இருந்து ஆரம்பிக்கலாமா?

[7:45] பிரபு அண்ணா: ஆரம்பிக்கலாம். ஆனா சலுகை யாருக்குப் போச்சுன்னு முதல்ல பாரு. 2022ல தோனிக்கு 12 கோடி, 2025ல 4 கோடி. அவருக்குக் குறைஞ்சுது. லாபம் அணிக்கு.

[7:49] பிரபு அண்ணா: கணக்கு இதுதான். 2025 சீசனுக்கு ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி. சர்வதேச ஆட்டம் ஆடினவங்களைத் தக்கவச்சா, குறைஞ்சபட்சம் முதல் ஆளுக்கு 18, அப்புறம் 14, 11, மறுபடி 18, 14ன்னு அதுல கழியும். ஆடாதவருக்கு 4 மட்டும்.
சென்னை வச்சுக்கிட்டது: ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரனா 13, துபே 12. மொத்தம் 61. தோனியை அஞ்சாவது ஆளா வச்சிருந்தா இன்னொரு 14 சேர்ந்து 75 ஆகியிருக்கும். 4ல முடிச்சதால 65. ஏலத்துல 45 கோடியோட உட்கார வேண்டியவங்க 55 கோடியோட உட்கார்ந்தாங்க.

[7:50] யாழினி: உலகக் கோப்பை ஜெயிச்ச கேப்டன் எப்படிண்ணா "ஆடாதவர்" ஆவார்?

[7:52] பிரபு அண்ணா: இந்திய வீரர் 5 வருஷமா எந்தச் சர்வதேச ஆட்டத்துலயும் முதல் பதினொருத்தர்ல இறங்கலைன்னா அந்தப் பட்டியலுக்கு வந்துடுவார். தோனி கடைசியா ஆடினது 2019 ஜூலை, நியூசிலாந்தோட அரையிறுதி. வெளிநாட்டு வீரர்களுக்கு இந்த விதி கிடையாது. தோனிக்கு மட்டும்னும் இல்லை. ராஜஸ்தான் சந்தீப் சர்மாவை இதே விதியில 4 கோடிக்கு வச்சுக்கிச்சு.

[7:55] பெரியப்பா: பிரபு, பாதியைச் சொல்லிட்டு மீதியை விட்டுட்ட. அந்த விதி 2008ல இருந்து இருந்துச்சு. 2021ல எடுத்துட்டாங்க. 2024ல, தோனி ஆடுவாரா மாட்டாரான்னு ஊரே பேசிக்கிட்டு இருந்த நேரத்துல, திரும்பக் கொண்டு வந்தாங்க. எல்லாருக்கும் பொதுன்னு எழுதினா மட்டும் போதாது. எந்த நேரத்துல எழுதுறாங்கன்னும் பார்க்கணும். யாழினி, உன் வாதத்துக்கு அதுதான் பிடிமானம்.

[7:56] பிரபு அண்ணா: ஏலத்துக்கு முன்னாடிதானேப்பா எழுதினாங்க? பத்து அணிக்கும் அதே விதிதான்.

[7:57] பெரியப்பா: சரி, அதை ஒத்துக்கிறேன். ஏலம் நடந்துக்கிட்டு இருக்கும்போது மாத்தலை.

[8:01] பிரபு அண்ணா: யாழினி, 2008ல இதைவிட நேரடியான சலுகை ஒண்ணு இருந்துச்சு, ஐகான் வீரர். சச்சின், கங்குலி, டிராவிட், யுவராஜ், சேவாக் அஞ்சு பேரும் ஏலத்துக்கே வரலை. சொந்த ஊர் அணிக்கு நேராப் போயிட்டாங்க. சம்பளம்? அந்த அணி ஏலத்துல யாருக்கு அதிகமாக் கொடுக்குதோ அதைவிட 15 சதவீதம் கூட. மும்பை ஜெயசூர்யாவை 9,75,000 டாலருக்கு எடுத்துச்சு. அதனால சச்சினுக்கு 11,21,250 டாலர்.

[8:02] யாழினி: இது அணிக்கு நல்லதுதானே?

[8:06] பிரபு அண்ணா: அதுலதான் சிக்கல். அப்போ ஒரு அணியோட மொத்தப் பணம் 50 லட்சம் டாலர். தோனி ஏலத்துல 15 லட்சத்துக்குப் போனார். அதே விலைக்கு மும்பை எடுத்திருந்தா சச்சினுக்குத் தானா 17,25,000 ஏறியிருக்கும். ரெண்டு பேருக்கே 32,25,000 போயிட்டா மிச்சம் 17,75,000ல மொத்த அணியையும் கட்டணும். ஐகான் இருந்த அஞ்சு அணிக்கும் கை கட்டிப் போட்ட மாதிரி. சென்னைக்கு ஐகான் இல்லை, அதான் துணிஞ்சு கேட்க முடிஞ்சுது. நட்சத்திரத்துக்குக் கொடுத்த மரியாதைக்கு அவரோட அணியே விலை கொடுத்துச்சு.

[8:07] யாழினி: இது சூப்பர். எழுதிக்கிட்டேன்.

[8:12] கவிதா அத்தை: கிரிக்கெட்டைவிட செஸ்ல உனக்கு வலுவான ஆதாரம் கிடைக்கும் யாழினி. உலக சாம்பியனுக்கு அங்க எழுத்துல இருந்த சலுகை மூணு.
முதலாவது, போட்டி சமன்ல முடிஞ்சா பட்டம் சாம்பியன்கிட்டயே நிக்கும். 1951ல சாம்பியன் போட்வின்னிக் பிரான்ஸ்டைனோட 12-12. 1954ல ஸ்மிஸ்லோவோட மறுபடி 12-12. ரெண்டு தடவையும் ஜெயிக்காமலேயே சாம்பியனாத் தொடர்ந்தார்.
ரெண்டாவது, தோத்தா மறுபோட்டி கேட்கிற உரிமை. 1957ல ஸ்மிஸ்லோவ்கிட்ட தோத்தார், 1958ல திருப்பி எடுத்தார். 1960ல தால்கிட்ட தோத்தார், 1961ல திருப்பி எடுத்தார். அப்புறம் அந்த உரிமையை எடுத்துட்டாங்க. 1963ல பெட்ரோசியன்கிட்ட தோத்ததும் அவர் கதை முடிஞ்சுது.

[8:13] பிரபு அண்ணா: மூணாவது, ஆனந்த் விஷயமா அத்தை?

[8:18] கவிதா அத்தை: ஆமாம். அதை விளக்கமாச் சொல்றேன், விட்டுடாத யாழினி. 1997 டிசம்பர்ல நெதர்லாந்துல குரோனிங்கன் ஊர்ல உலகப் பட்டத்துக்கான நாக்-அவுட் போட்டி. தோத்தா வெளியே. ஆனந்த் ஒவ்வொரு சுற்றா ஜெயிச்சு, கடைசியா மைக்கேல் ஆடம்ஸை டை-பிரேக்ல (சமன் ஆனா முடிவு காண ஆடுற கூடுதல் ஆட்டம்) தாண்டி வந்தார். மாசக் கடைசி வரைக்கும் ஆட்டம். ஜனவரி 2ஆம் தேதி ஸ்விட்சர்லாந்துல லோசான்ல இறுதிப் போட்டி ஆரம்பிச்சுடுச்சு. அங்க நடப்பு சாம்பியன் கார்போவ் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடாம நேரா இறுதிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். 6 ஆட்டம், 3-3. அப்புறம் ரேபிட்ல, அதாவது நேரம் குறைவான வேக ஆட்டத்துல, கார்போவ் 2-0.
இறுதிக்கு நேரா வர்றது செஸ்ல எப்பவும் உள்ளதுதான். தப்பு என்னன்னா, ஓய்வு. முந்தியெல்லாம் தகுதிப் போட்டிக்கும் இறுதிக்கும் நடுவுல பல மாசம் இருக்கும். இங்க மூணே நாள். ரெண்டு பழக்கத்தையும் ஒண்ணாக் கலந்ததுல சாம்பியனோட சலுகை பல மடங்கு ஆயிடுச்சு. இந்த ஏற்பாட்டை எதிர்த்து கிராம்னிக் கலந்துக்கவே இல்லை. அடுத்த 1999 போட்டியில அந்தச் சலுகையை எடுத்துட்டாங்க. அந்தத் தடவை கார்போவ் வரலை.

[8:20] பெரியப்பா: அது அநியாயம்தான். எதிராளி களைச்சு வர்ற மாதிரி அட்டவணை போட்டா அதைப் போட்டின்னே சொல்ல முடியாது.

[8:24] கவிதா அத்தை: இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்குண்ணா. 1975ல அப்போதைய சாம்பியன் ஃபிஷர் கேட்டது: முதல்ல 10 ஆட்டம் ஜெயிக்கிறவர் சாம்பியன், டிரா கணக்குல வராது, 9-9 ஆனா பட்டம் எனக்கே. ஆட்ட எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டாம்னு கேட்டதை உலக செஸ் சங்கமான ஃபிடே ஒத்துக்கிச்சு, 9-9ஐ மட்டும் மறுத்துச்சு. அந்த 9-9 என்ன பண்ணும்னு பாரு. சவால் விடுறவர் ஜெயிக்கணும்னா 10-8 வேணும், அதாவது ரெண்டு ஆட்டம் முன்னாடி. ஃபிஷர் ஆட வரலை. 1975 ஏப்ரல் 3, கார்போவைச் சாம்பியன்னு அறிவிச்சாங்க. ஃபிஷர் உலகத்துலயே பெரிய பேரா இருந்தும் ஃபிடே வளையலை.

[8:25] யாழினி: இப்போ குகேஷுக்கு என்ன சலுகை அத்தை?

[8:27] கவிதா அத்தை: ஒண்ணே ஒண்ணு. சவால் விடுறவரைத் தேர்ந்தெடுக்கிற கேண்டிடேட்ஸ் போட்டி ஆடாம நேரா பட்டப் போட்டி. சமன் ஆனா ரேபிட், அதுவும் சமன்னா அதைவிட வேகமான பிளிட்ஸ். 2023ல டிங் லிரேன் 7-7க்கு அப்புறம் ரேபிட்லதான் ஜெயிச்சார். தோத்தா மறுபோட்டி கிடையாது. 2024 டிசம்பர்ல குகேஷ்கிட்ட 7.5-6.5ல தோத்த டிங்குக்கும் கிடைக்கலை.

[8:29] பிரபு அண்ணா: ஆனா அதே மாசம் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனுக்கு வளைஞ்சுட்டாங்களே.

[8:34] கவிதா அத்தை: வளைஞ்சாங்க, அது சரியில்லைங்கிறதுதான் என் கருத்து. நியூயார்க்ல உலக ரேபிட். ஜீன்ஸ் கூடாதுன்னு உடை விதி. கார்ல்சன் ஜீன்ஸ்ல வந்தார், 200 டாலர் அபராதம், உடனே மாத்திட்டு வரச் சொன்னாங்க. நாளைக்கு மாத்துறேன்னார். 9ஆம் சுற்றுல அவருக்கு ஜோடி போடலை. அவர் போட்டியை விட்டே போயிட்டார். அதுவரை நடுவர்கள் பண்ணது முழுக்கச் சரி. அதுக்கு அப்புறம் உடை விதியைத் தளர்த்தினாங்க, கார்ல்சன் ஜீன்ஸ்லயே வந்து பிளிட்ஸ் ஆடினார். அதே போட்டியில நெப்போம்னியாச்சிக்கும் ஷூவுக்காக அபராதம். அவர் போய் மாத்திட்டு வந்து ஆடினார். சொன்ன பேச்சைக் கேட்டவருக்கு ஒரு விதி, கேட்காதவருக்குப் புது விதின்னு ஆச்சு. யாழினி, இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேசு.

[8:36] பிரபு அண்ணா: கார்ல்சன் இல்லாம அந்த பிளிட்ஸை யார் பார்ப்பாங்க அத்தை? ஸ்பான்சர் எதுக்குப் பணம் கொடுக்கிறான்?

[8:37] கவிதா அத்தை: அப்படின்னா உடை விதியைப் போட்டிக்கு முன்னாடியே தளர்த்தியிருக்கலாம். ஜீன்ஸ் எனக்குப் பிரச்சினையே இல்லை.

[8:45] சரவணன் மாமா: இப்போதான் எல்லாத்தையும் படிச்சேன். ஜப்பான் மல்யுத்தமான சுமோவைச் சொல்லாம இந்த விவாதம் முடியாது. உச்ச வீரரை எப்படி நடத்துறதுன்னு அவங்க அளவுக்கு எழுதி வச்சவங்க கிடையாது.
வருஷத்துக்கு 6 போட்டி, ஒவ்வொண்ணும் 15 நாள். 8 ஜெயிச்சா தரவரிசை நிக்கும் இல்ல ஏறும், 7ன்னா பொதுவா இறங்கும். ரெண்டாவது பெரிய பட்டம் ஒசெக்கி. அவருக்கு ஒரு போட்டி தவணை உண்டு. அடுத்தடுத்து ரெண்டு போட்டியில 8 வரலைன்னா இறக்கிடுவாங்க. இறங்கின உடனே வர்ற போட்டியில 10 ஜெயிச்சா திரும்ப ஏறலாம்.
அதுக்கு மேல, எல்லாத்துக்கும் உச்சியில யோகோசுனா. ஒசெக்கியா இருந்து அடுத்தடுத்து ரெண்டு கோப்பை, இல்லைன்னா அதுக்குச் சமமான ஆட்டம். கூடவே நடத்தையும் பார்ப்பாங்க. ஏறிட்டா இறக்கவே மாட்டாங்க. 15 நாளும் தோத்தாலும் சரி, ஒரு வருஷம் மேடையே ஏறலைன்னாலும் சரி.

[8:46] யாழினி: அப்போ இதுதான் இருக்கிறதுலயே பெரிய சலுகை!

[8:52] சரவணன் மாமா: இல்லம்மா, அதுதான் பெரிய சுமை. இறக்க வழி இல்லாததால, முடியலைன்னா ஓய்வு பெறுறது மட்டும்தான் வழி. மத்தவங்க கீழ போய் உடம்பைத் தேத்திக்கிட்டுத் திரும்ப வரலாம். தெருனோபுஜி ஒசெக்கியா இருந்து, முழங்கால் காயத்துலயும் நோயிலயும் ஜோனிதான் வரைக்கும், அதாவது கீழ இருந்து ரெண்டாவது பிரிவு வரைக்கும் போனார். அங்க இருந்து ஏறி 2021ல யோகோசுனா ஆனார். ஒரு யோகோசுனாவுக்கு அந்தப் பாதை அடைச்சுடும்.
கிசெனோசாத்தோவைப் பாரு. 2017 ஜனவரியில பட்டம். மார்ச் போட்டியில 13ஆம் நாள் இடது தோள் பக்கம் பலத்த காயம். ஆனாலும் கடைசி நாள் தெருனோபுஜியை ரெண்டு தடவை வீழ்த்திக் கோப்பையை எடுத்தார். அந்தக் காயம் ஆறவே இல்லை. அடுத்த 8 போட்டியையும் அவரால முழுசா ஆட முடியலை. 2019 ஜனவரியில முதல் மூணு நாளும் தோத்ததும் ஓய்வு. கீழ இறங்கி ஆட விட்டிருந்தா இன்னும் சில வருஷம் ஆடியிருப்பார்னு நான் உறுதியா நம்புறேன்.

[8:54] பெரியப்பா: சரவணா, ஓய்வு பெறுன்னு யார் சொல்வாங்க? தானா முடிவெடுக்கணுமா?

[8:59] சரவணன் மாமா: சங்கத்துக்கு வெளியில இருக்கிற பெரிய மனுஷங்க அடங்கின யோகோசுனா ஆலோசனைக் குழு ஒண்ணு இருக்கு அத்தான், 1950ல இருந்து. அவங்க கையில மூணு படி: ஊக்குவிப்பு, எச்சரிக்கை, ஓய்வு பெறச் சொல்லிப் பரிந்துரை. கிசெனோசாத்தோவுக்கு 2018 நவம்பர்ல ஊக்குவிப்பு. ஹகுஹோ, ககுரியூ ரெண்டு பேரும் தொடர்ந்து ஆட வராததால 2020 நவம்பர்ல எச்சரிக்கை. ஹகுஹோ 45 கோப்பை எடுத்தவர், அவரைத் தாண்டி யாரும் இல்லை. அவரையும் விடலை. ஓய்வுக்கு அப்புறம் ஒரு சலுகை உண்டு: மூத்தோர் பெயர் (ஓய்வுக்கு அப்புறம் சங்கத்துல இருக்கத் தேவையான பட்டப்பெயர்) கையில இல்லாமலேயே 5 வருஷம் சங்கத்துல இருக்கலாம். ஒசெக்கிக்கு 3 வருஷம்.

[9:03] பெரியப்பா: கூடைப்பந்துல நேர்மாறா நடந்திருக்கு யாழினி. நட்சத்திரத்தை அடக்கவே விதியை மாத்தினாங்க. ஜார்ஜ் மைக்கன் கூடைக்கு அடியில நின்னு போட்டுத் தள்ளினார். கூடைக்கு முன்னாடி இருக்கிற கட்டத்துக்குள்ள பந்தை எதிர்பார்த்து 3 விநாடிக்கு மேல நிக்கக்கூடாது. 1951ல அந்தக் கட்டத்தோட அகலத்தை 6 அடியில இருந்து 12 அடி ஆக்கினாங்க. அப்புறம் வில்ட் சேம்பர்லின் வந்தார், 1964ல 16 அடி. கல்லூரி ஆட்டத்துல கரீம் அப்துல்-ஜப்பார் (அப்போ பேர் லூ அல்சிண்டர்) ஆடின காலத்துல, 1967ல, டங்க் அடிக்கிறதையே (பந்தை மேல இருந்து கூடைக்குள்ள திணிக்கிறது) தடை பண்ணி 1976 வரைக்கும் வச்சிருந்தாங்க. டங்க் போனதும் அவர் தலைக்கு மேல ஒத்தைக் கையால வளைச்சுப் போடுற ஸ்கை-ஹூக்கை மெருகேத்திக்கிட்டார். அதைத் தடுக்க ஆளே இல்லை.

[9:06] பிரபு அண்ணா: இப்போ அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏல நட்சத்திரம்னா யாருன்னே எழுதி வச்சிருக்காங்கப்பா. கடைசி 3 சீசன்ல ஆல்-ஸ்டார் (நட்சத்திரக் காட்சி ஆட்டம்) இல்ல ஆல்-என்பிஏ (சீசனோட சிறந்த வீரர்கள்) அணியில இருந்தவர். காயம் இல்லாம அவங்களை உட்கார வைக்கக்கூடாதுன்னு 2023-24ல இருந்து விதி. ஒரே ஆட்டத்துல ரெண்டு நட்சத்திரத்துக்கு ஓய்வு கொடுக்கக்கூடாது. மீறினா அணிக்கு முதல் தடவை 1 லட்சம் டாலர், ரெண்டாவது 2.5 லட்சம், மூணாவதுல இருந்து ஒவ்வொரு தடவையும் 10 லட்சம் ஏறும். டிக்கெட் வாங்கினவன் ஏமாறக்கூடாதுங்கிறதுக்காக. நான் சொன்ன ஸ்பான்சர் கணக்கை இவங்க முன்கூட்டியே விதியாக்கிட்டாங்க.

[9:08] யாழினி: எதிரணி டென்னிஸை எடுத்தா? குழந்தை பெத்துட்டு வந்த செரீனாவுக்கு விம்பிள்டன்ல சீடிங் (முன்னணி ஆட்டக்காரங்க ஆரம்பச் சுற்றுல மோதாம இருக்கக் கொடுக்கிற வரிசை எண்) கொடுத்தாங்களே.

[9:13] கவிதா அத்தை: கண்டிப்பா எடுப்பாங்க. 2018ல அவங்க தரவரிசை ரொம்ப இறங்கிடுச்சு. பாதுகாக்கப்பட்ட தரவரிசையை, அதாவது விலகுறதுக்கு முன்னாடி இருந்த தரவரிசையை வச்சுப் போட்டிக்குள்ள நுழையலாம், ஆனா சீடிங்குக்கு அது செல்லாது. பிரெஞ்சு ஓபன்ல சீடிங் தரலை. விம்பிள்டன்ல 183ஆம் இடத்துல இருந்தவங்களுக்கு 25ஆம் சீடிங் கொடுத்தாங்க. இறுதி வரைக்கும் போனாங்க. அதுக்கு விலை கொடுத்தது டொமினிகா சிபுல்கோவா. சீடிங் 32 பேருக்குத்தான், 32ஆம் இடத்துல இருந்த அவங்க அதை இழந்தாங்க. நல்லது என்னன்னா, அதோட விடலை. 2019ல இருந்து குழந்தை பெத்துட்டுத் திரும்புற எல்லாருக்கும் 3 வருஷத்துக்குள்ள 12 போட்டிக்குப் பழைய தரவரிசை செல்லும்னு விதியாக்கினாங்க. செரீனா அளவுக்குப் பேர் இல்லாதவங்களுக்கும் அது கிடைக்குது. அதை நீ எதிர்க்காத. எதிர்த்தா மாட்டிக்குவ.

[9:15] யாழினி: சரி அத்தை. அப்போ "சலுகையே வேண்டாம்"னு பேசாம "ஒருத்தருக்காக நடுவுல மாத்தாதீங்க"ன்னு பேசுறேன். ஜெர்சி எண்ணை ஓய்வுக்கு அனுப்புறதைச் சேர்க்கட்டுமா?

[9:21] பெரியப்பா: சேர்க்கலாம், சுருக்கமா. ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷோட 16ஐ 2024ல ஹாக்கி இந்தியா எடுத்து வச்சுது, சீனியர் அணியில மட்டும். ஜூனியர்ல போடலாம். அமெரிக்க பேஸ்பால்ல ஜாக்கி ராபின்சனோட 42ஐ 1997ல எல்லா அணியிலயும் எடுத்தாங்க. இனி யாருக்கும் புதுசாக் கிடையாதுன்னுதான் விதி. அன்னைக்கு 42 போட்டு ஆடிக்கிட்டு இருந்தவங்ககிட்ட இருந்து பிடுங்கலை. அவங்கள்ல கடைசி ஆள் மரியானோ ரிவேரா, 2013ல ஓய்வு பெறுற வரைக்கும் 42லயே ஆடினார்.