புரோபகியூல்: 'முளைமுதல்' என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நீர்க்களைக் கட்டுப்பாட்டுச் சொற்பட்டியலில் பெரும்பகுதி சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. புரோபகியூலில்தான் (propagule) தேங்கி நிற்கிறோம். துண்டு, கிழங்கு, மொட்டு, விதை என்று புதுச் செடி கிளம்பக்கூடிய எந்தப் பகுதிக்குமான பொதுப்பெயர் அது. வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக ஹைட்ரில்லாவின் மேல் வைத்துப் பார்த்தேன். அது நம் பக்கத்துச் செடி. பல ஊர்களில் வேலம்பாசி என்கிறார்கள். 1950களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவின் டாம்பாவுக்குப் போனது. 1960இல் அங்கே வெளி நீர்நிலைகளில் தென்பட்டது. அப்புறம் ஏரி ஏரியாக அடைத்துக்கொண்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையோடு நாம் படுகிற பாட்டை, நம் பாசியோடு அவர்கள் படுகிறார்கள்.

> பேசாமல் 'விதை' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். ஃபுளோரிடாவில் பரவியது பெண்செடி மட்டும். ஆண் பூ இல்லாததால் விதையே கிடையாது. சல்வீனியாவும் அப்படித்தான்: ஐந்து மடங்கு குரோமோசோம் கொண்ட மலட்டுப் பெரணி. ஆப்பிரிக்காவின் கரிபா நீர்த்தேக்கத்தில் 1962இல் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டரை அது மூடியது. அத்தனையும் ஒடிந்த துண்டுகள் தழைத்த வேலை. 'விதை' என்று எழுதிவிட்டால், வயலில் களையெடுத்துப் பழகியவர் 'பூக்கும் முன் அறுத்துவிட்டால் போதும்' என்று நினைப்பார். நீர்க்களையில் அறுப்பதே விதைப்பது மாதிரி ஆகிவிடும்.

> இனப்பெருக்க உறுப்பு

பள்ளிப் பாடத்தில் இதற்கு வேறு பொருள் ஊன்றிவிட்டது. விட்டுவிடலாம்.

> பரவுறுப்பு, பரவல் அலகு

கட்டமைப்பு அழகாக இருக்கிறது, ஓசையும் நன்று. ஆனால் ஹைட்ரில்லாவை ஒழிக்க முடியாமல் செய்வது பரவுகிற பகுதி அல்ல, நகராமல் கிடக்கிற பகுதி. சேற்றுக்குள் பட்டாணி அளவில் கிழங்கு வைக்கிறது. கலைக்காமல் விட்டால் நான்கு ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஒரே கிழங்கிலிருந்து தொடங்கி, சதுர மீட்டருக்கு 6,000க்கு மேல் புதுக் கிழங்குகள் உண்டானதை ஃபுளோரிடா ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்து அடித்தால் மேலே உள்ள தண்டும் இலையும் சாகும். மும்மடிப் புல்கெண்டையை (மூன்று மடங்கு குரோமோசோம் கொண்ட, இனம் பெருக்காத தாவரந்தின்னி மீன்) விட்டால் அதுவும் மேலே உள்ளதைத்தான் மேயும். நீரை வடித்துக் காயப்போட்டாலும் சேற்றுக்குள் ஈரம் இருக்கிறது. மறுபடி நீர் நிரம்பியதும் கிழங்கு முளைக்கும். இப்படி ஒரே இடத்தில் காத்துக் கிடப்பதைப் 'பரவுறுப்பு' என்று எப்படிச் சொல்வது?

> நகலி (எல்லாம் தாய்ச்செடியின் நகல்தானே)

இதிலும் ஒரு சிக்கல். ஃபுளோரிடாவில் ஃபுளுரிடோன் என்ற களைக்கொல்லியைப் பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். விதையில்லாத செடி, எல்லாம் ஒரே அச்சு, எதிர்ப்புத்தன்மை எங்கிருந்து வரும் என்ற தைரியம். 2000ஐ ஒட்டி மருந்து கேட்காத ஹைட்ரில்லா ஏரிகளில் தெரியவந்தது. உடல்செல்லில் நேர்ந்த மரபணு மாற்றம் துண்டு வழியாகவும் கிழங்கு வழியாகவும் கடந்து வந்திருந்தது. அச்சு அசல் நகல் என்ற எண்ணத்தைச் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவது நல்லதல்ல.

> கரணை

இந்தப் பரிந்துரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கரும்பில் விதைக்கரணை என்று நாள்தோறும் புழங்கும் சொல். கணு இருந்தால்தான் கரணை. கணு இல்லாதது வெறும் துண்டு. ஹைட்ரில்லாவிலும் இதே விதி: இலையடுக்குள்ள ஒரே ஒரு கணு இருந்தாலும் துண்டு புதுச் செடியாக வாய்ப்புண்டு. அறுவடை இயந்திரம் ஏரியில் ஓடும்போது சிதறுவதில் எவ்வளவு கரணை, எவ்வளவு வெறுந்துண்டு என்பதுதான் கேள்வியே. ஆனால் கிழங்கையும், உதிர்ந்து உறங்கிக் கிடந்து பிறகு முளைக்கும் மொட்டையும் கரணை என்று யாரும் ஒப்பமாட்டார்கள். ஆகவே கரணையை உட்பிரிவுச் சொல்லாக, முளைக்கக்கூடிய தண்டுத் துண்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்வோம். இதைத் தந்த நண்பருக்கு நன்றி. வாழைக்கன்று, முருங்கைப் போத்து, மரவள்ளிக் குச்சி என்று ஆளுக்கொரு பெயர் நம்மிடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொதுப்பெயர்தான் இல்லை.

அந்த இடத்துக்கு என் பரிந்துரை: முளைமுதல். அகராதியிலேயே 'விதைமுதல்' இருக்கிறது, விதைப்புக்கென்று எடுத்துவைக்கும் தானியம். அதே வார்ப்பில், எதிலிருந்து முளை கிளம்புமோ அது முளைமுதல். துண்டு, கிழங்கு, மொட்டு, விதை, எதுவானாலும் அடங்கும். நகர்கிறதா கிடக்கிறதா என்பது பற்றிச் சொல் வாய் திறப்பதில்லை.

தனிச்சொல்லாக நிற்பது போதாது, கூட்டுச்சொல்லில் மடங்க வேண்டும். பட்டியலில் அடுத்து நிற்பவை 'புரோபகியூல் பிரஷர்', 'புரோபகியூல் பேங்க்'. முதலாவதை 'அழுத்தம்' என்று பெயர்த்தால் எது எதை அழுத்துகிறது என்றே விளங்காது. ஒரு நீர்நிலைக்கு எவ்வளவு முளைமுதல், எத்தனை தடவை வந்து சேர்கிறது என்பதுதான் பொருள். இதற்கு வரத்து என்ற சொல் கையிலேயே இருக்கிறது. இரண்டாவது, சேற்றில் முளைக்கக் காத்துக் கிடக்கும் முளைமுதல்களின் தொகுப்பு. அதற்கு 'வங்கி' வேண்டாம். நம்மூரில் விதை வங்கி என்றால் மரபு நெல்லைக் காப்பாற்றி வைக்கிற இடம். 'வங்கியை அழிக்க வேண்டும்' என்று கையேட்டில் அச்சிட்டால் நம்மேல் பிராது வரும். இருப்பு என்று போடலாம். அணை நிலவரத்தில் தினமும் நீர்வரத்து, நீர் இருப்பு என்று படிப்பவர்களுக்கு இரண்டையும் விளக்கவே வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

"படகையும் அதை ஏற்றும் டிரெய்லரையும் கழுவி, தேங்கிய நீரை வடித்து, காயவைத்தபின் அடுத்த ஏரியில் இறக்கினால் முளைமுதல் வரத்து குறையும்."

"மேற்பரப்பு சுத்தமாகத் தெரிந்தாலும், சேற்றில் முளைமுதல் இருப்பு தீரும்வரை ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டும்."

"மிதவை வேலி கட்டாமல் அறுத்தால், கரணைகள் நீரோட்டத்தோடு கீழேயுள்ள மதகுவரை போய்ச் சேரும்."

இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. 'இருப்பு' என்று மட்டும் அடுத்தடுத்த வரிகளில் சுருக்கிக்கொள்ளலாம்.

> எங்கள் பாடநூல்களில் 'முளையம்' கருவைக் குறிக்கும். குழப்பம் வராதா? 'பதியமுறை இனப்பெருக்கம்' என்று ஏற்கெனவே இருப்பதால் 'பதியமுதல்' என்றால் என்ன?

இலங்கை நண்பரின் இந்தக் கேள்வி நியாயமானது. 'முளையம்', 'முளைமுதல்' இரண்டும் ஒரே பத்தியில் வந்தாலும் கண்ணுக்கு வேறாகத் தெரியும் என்று நினைக்கிறேன். பதியமுதல் நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் பதியம் போடுவது என்றால் கிளையை வளைத்து மண்ணில் புதைப்பது ஒன்றுதான். விதையால் பரவும் களைகளுக்கு இது பொருந்தாமலும் போகும். ஆகாயத்தாமரைக்கு ஓடுதண்டும் உண்டு, பல ஆண்டுகள் சேற்றில் கிடந்து முளைக்கிற விதையும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும்.

டூரியனுக்கு (turion, நீர்ச்செடி வைக்கும், உறங்கிக் கிடந்து பிறகு முளைக்கும் மொட்டு) வந்த 'உறங்குமொட்டு' எனக்குச் சம்மதம். ஒரு ஐயம் மட்டும் பாக்கி. ஹைட்ரில்லாவின் கிழங்கு, கறாராகப் பார்த்தால் கிழங்கே அல்ல. மண்ணுக்குள் உண்டாகும் உறங்குமொட்டு. ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு பெயரும் ஓடுகின்றன. களப்பணியாளருக்கான கையேட்டில் கிழங்கு என்றே விட்டுவிட்டு, சொற்பட்டியலில் ஒரு வரிக் குறிப்பு சேர்க்கலாம் என்பது என் எண்ணம். தாவரவியல் படித்தவர்கள் மறுப்பு இருந்தால் பட்டியல் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.